487 மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் ஊர் இல்லாத 11 பெயர்களும்

கேள்வி: காரைக்குடி அம்மா

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் என் மகள் 500-க்கு 487 வாங்கினாள். இப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல்-கணிதப் பிரிவில் படிக்கிறாள். சேர்ந்த முதல் வாரத்திலேயே விளையாட்டுப் பாடவேளையை இயற்பியலுக்கும் நூலக வேளையை வேதியியல் தேர்வுக்கும் மாற்றிவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு இலக்கிய மன்றம், ஓவியம் எதுவும் கிடையாது என்று பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தபோது, நானும் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டிவிட்டு வந்தேன்.

சென்ற ஆவணியில் எங்கள் வீட்டுத் திருமணத்தில் மொய் எழுதுபவர் வரத் தாமதமானதால் அவளை உட்கார வைத்தோம். கூட்டலில் ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. ஆனால் இரவில் நோட்டைப் புரட்டினால், 11 பெயர்களுக்கு எதிரே ஊர் இல்லை. ‘சுப்பையா, 501’ என்று மட்டும் இருந்தால் எந்தச் சுப்பையா என்று யார் கண்டது? கேட்டிருக்கலாமே என்றதற்கு, “தெரியாதவர்களிடம் எப்படிம்மா கேட்பது?” என்றாள். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கல்வி முழுமையான மனிதரை உருவாக்க வேண்டும் என்று மேடைதோறும் கேட்கிறோமே, நடைமுறையில் அதற்கு என்னதான் பொருள்?

மறுமொழி 1: தேவகோட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

அம்மா, என் ஐயா பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பலேறியவர். கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் கடைசி ஆளுக்குத்தான் அந்தப் பெயர். விடிகாலையில் கிட்டங்கியை (வட்டிக்கடைகள் இருந்த கட்டடம்) கூட்டுவது, கடிதங்களைப் படியெடுப்பது, வசூலுக்குப் போகிறவரோடு நடப்பது எல்லாம் அவன் வேலை. எண்சுவடியை, 320-இல் ஒரு பங்கான முந்திரியிலிருந்து தொடங்கி, ஊர்த் திண்ணையிலேயே மனப்பாடம் செய்துவிட்டுத்தான் அவர் போயிருந்தார். ஆனால் அவரை அடுத்தாளாக, அதாவது கடை முகவருக்கு அடுத்த நிலை ஊழியராக, உயர்த்தியது மனக்கணக்கு அன்று. கடன் கேட்டு வருகிறவர் எந்த ஊர், என்ன விளைச்சல், சொன்ன சொல்லைக் காப்பவரா என்பதையெல்லாம் வந்தவர் ஒருமுறை வெற்றிலை போட்டு முடிப்பதற்குள், மனம் கோணாமல் விசாரித்துவிட வேண்டும். தவறினால் அது வராக்கடனாகப் பேரேட்டில் நின்று நாள்தோறும் முகத்தைப் பார்க்கும். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர் அவர். வழியில் தன்னைக் காப்பாற்றியவை பர்மிய மொழியும் சமையலும்தான் என்பார்.

உங்கள் மகளுக்கு வராதது இந்த விசாரிப்பு ஒன்றுதான். இதைப் பள்ளிகள் கற்பிக்கமாட்டா. வீடுதான் கற்பிக்க வேண்டும்.

மறுமொழி 2: கண்டனூர், கல்லூரி ஆசிரியை

பெரியவர் சொன்ன பயிற்சியின் அருமையை நான் மறுக்கவில்லை. அவருடைய கடைசி வரியோடுதான் எனக்கு வழக்கு. அந்தப் பெட்டியடியில் உட்கார இன்ன குலத்தில், அதிலும் ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். வளவுக்குள்ளேயே (வீட்டின் உட்பகுதி) வயதான என் ஆயாவுக்கும் (பாட்டி), அந்த வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்தவரின் மகனுக்கும் எந்தக் கிட்டங்கி காத்திருந்தது?

‘வீட்டில் கற்கட்டும்’ என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் 1953-இல் பார்த்திருக்கிறோம். ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டம், கடும் எதிர்ப்புக்குப் பின், 1954-இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. கையால் செய்து கற்பதில் பிழை இல்லை. 1937-இல் வார்தாவில் காந்தியடிகளும் அதைத்தான் வலியுறுத்தினார். எந்தப் பிள்ளையின் கைக்கு எந்தத் தொழில் என்பதைப் பிறப்பு முடிவு செய்வதுதான் பிழை. ஆகவே, விசாரிக்கவும் ஓடியாடவும் நாலு பேர் முன் வாய் திறக்கவும் பழக்குகிற வேலையை, எல்லாப் பிள்ளைகளும் வந்து சேரும் ஒரே இடமான பள்ளியிடமிருந்துதான் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

நம் காரைக்குடி வள்ளல் அழகப்பச் செட்டியாரை நினைத்துப் பாருங்கள். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., பாரிஸ்டர், போதாக்குறைக்கு விமானம் ஓட்டவும் கற்றவர். மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அதே மனிதர், உடற்கல்விக்கென்றும் ஒரு கல்லூரி கண்டார். 1948-இல் அந்த நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்ட நேரு வந்த ஊரில், இன்று பாடத்தின் பெயரால் விளையாட்டு வேளையைப் பறிக்கிறோம்.

மறுமொழி 3: புதுவயல், அரிசி ஆலைக் கணக்கர்

எனக்கு நிலமும் இல்லை, கடையும் இல்லை. பொறியியல் கட்ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. விசாரிக்கத் தெரிந்ததற்கு அதில் அரை மதிப்பெண்கூடக் கிடையாது. விளையாட்டு வேளை போனால் போகட்டும் என்று நானும் தலையாட்டியவன்தான். அதைப் பேராசை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கேட்டவரின் பதில்: காரைக்குடி அம்மா

புதுவயல் அண்ணன் சொல்வது நியாயம். நானும் மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை. பறித்த இரண்டு வேளைகளில் ஒன்றையாவது திருப்பித் தரும்படி நாங்கள் நான்கு பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.

இதற்கிடையில் மகள் தன் அப்பத்தாவோடு அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பத்தா ஆளை அடையாளம் சொல்ல, இவளே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாள். முதல் அழைப்பில் குரல் நடுங்கியது, ஐந்தாவது அழைப்பில், “உங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது?” என்று இவளாகவே கேட்கிறாள். பத்துப் பேருக்கு ஊர் கிடைத்துவிட்டது. சுப்பையா மட்டும் பாக்கி: பள்ளத்தூரில் ஒருவர் இருக்கிறார், கானாடுகாத்தானில் ஒருவர் இருக்கிறார், இருவருமே கைப்பேசியை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இயற்பியல் சிறப்பு வகுப்பு முடிந்ததும் பாட்டியும் பேத்தியும் பேருந்தில் நேரிலேயே போய்க் கேட்டுவிட்டு வருவதாக இருக்கிறார்கள்.