கோத்தகிரி, கூடலூர் பக்கத்துக்காரங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

மனநல ஆய்வுக்காக ரெண்டு மாசமா ஊர் ஊரா அலையறேன். படுகர் ஹட்டியில (அவங்க ஊர்ல) டீ கொடுத்துப் பேசறாங்க, 'மனசு'ன்னதும் பேச்சு கேரட் விலைக்குப் போயிடுது. இருளர், குறும்பர் ஊர்கள்ல ஒப்புதல் படிவத்தை நீட்டினாலே விலகிடறாங்க. தப்பு சொல்ல மாட்டேன். இந்தியாவுல சிக்கிள் செல்ங்கிற பரம்பரை ரத்த நோய் முதன்முதலா 1952-ல இந்த நீலகிரி மலைப் பழங்குடிகளோட ரத்தத்துலதான் தெரிஞ்சுது, "எடுத்தீங்க, திரும்ப வந்து என்ன சொன்னீங்க?"ன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. அமெரிக்காவுல டஸ்கீகி ஆய்வுல (1932–72) கறுப்பின ஆண்கள்கிட்ட அவங்களுக்கு இருந்த சிபிலிஸ் நோயை மறைச்சாங்க, அந்த அவநம்பிக்கை அங்கேயும் தீரல.

1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துல இலங்கையிலிருந்து வந்த தோட்டக் குடும்பங்களுக்கோ கையெழுத்துன்னாலே பயம்.

ஆலு குறும்பர் மொழி தெரிஞ்சவங்க கூட வர முடியுமா? சாட்சி வச்சு வாய்மொழி ஒப்புதல் வாங்கினவங்க, நெறிமுறைக் குழுகிட்ட எப்படிக் கேட்டீங்க? கமெண்ட்ல சொல்லுங்க.