கல்வெட்டைப் படித்து அச்சிட்டது ஆங்கிலேய அரசு. கோயிலின் நினைவு யாருடையது?

அல்சூர்வாசி (கேள்வி):

பெங்களூரு டொம்மலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் சுவரில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்க்கும் தமிழர் யாருக்கும் ஒரு பெருமிதம் எழுவது இயல்பு. பெயரைக் கேட்டால் சிவன் கோயில் போலத் தோன்றும். உள்ளே இருப்பவரோ பெருமாள். கல்வெட்டுகள் அவரைச் சொக்கப்பெருமாள் என்றும், ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிப்பிடுகின்றன. மைசூர் அரசின் தொல்லியல் துறைக்குத் தலைமை வகித்த லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதி இல்லையென்றால், இவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தஞ்சைப் பெரிய கோயிலின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அங்கே தலபுராணம் கரிகாலனைச் சொல்லிக்கொண்டிருந்தது. சென்னை மாகாண அரசின் கல்வெட்டாய்வாளராக 1886இல் பொறுப்பேற்ற ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் கல்வெட்டுகளைப் பதிப்பித்த பிறகே, அது இராசராசன் எடுப்பித்த கற்றளி (கற்கோயில்) என்பது உறுதிப்பட்டது.

அலுவலக நண்பர் ஒருவர், நம் மரபுப் பெருமையே ஆங்கிலேயர் இட்ட பிச்சை என்கிறார். என் தமையனாருக்கோ காலனிய ஆட்சி என்றால் கொள்ளை மட்டுமே. வழிபடச் செல்லும் ஒருவர் இந்த ஆவணங்களை எந்த மனநிலையில் ஏற்க வேண்டும் என்று அறிய விரும்புகிறேன்.

மைப்படி:

ஐயா, முதலில் அவர்கள் ஏன் தேடினார்கள் என்று பார்ப்போம். 1799இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், மைசூர் நாட்டை அளக்கக் காலின் மெக்கன்சியைக் கிழக்கிந்தியக் கும்பெனி அனுப்பியது. எந்த நிலம் தேவதானம் (கோயிலுக்கு அளித்தது), எது பிரமதேயம் (அந்தணருக்கு அளித்தது), எதற்கு வரி கிடையாது என்பதெல்லாம் கல்லிலும் செப்பேட்டிலும் எழுதப்பட்டிருந்ததால், வரி வசூலிக்க வந்தவர்களுக்கு அவற்றில் அக்கறை இருந்தது. மெக்கன்சிக்குத் தனிப்பட்ட ஆர்வமும் இருந்தது. அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் ஊர் ஊராகச் சென்று, கோயிலாரிடம் பேசி, படியெடுத்து, பொருள் சொன்னவர்கள் காவலி வெங்கட போரய்யாவும், 1803இல் அவர் இறந்தபின் அப்பணியைத் தொடர்ந்த தம்பி இலட்சுமய்யாவும் போன்றவர்கள்தாம். ஹுல்ஷுக்கும் வெங்கய்யா துணை நின்றார். அவரே பின்னாளில் அரசின் கல்வெட்டாய்வாளர் பதவிக்கு வந்தார். ஆகவே பிச்சை என்ற சொல்லை உங்கள் நண்பர் திரும்பப் பெறலாம்.

தமையனார் சொல்வதிலும் உண்மை உண்டு. 1845இல் கும்பெனி அதிகாரி வால்டர் எலியட் ஆந்திரத்து அமராவதியில் அகழ்ந்தெடுத்த சுண்ணாம்புக்கல் சிற்பங்களில் பெரும்பகுதி இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பதிவு செய்ததும் பெயர்த்துக்கொண்டு போனதும் ஒரே ஆட்சி. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டியதில்லை.

திருமுறை அன்பர்:

மேலே எழுதிய நண்பர் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். தஞ்சைக் கோயிலை எடுப்பித்தவரைத் தமிழர் முற்றிலும் மறந்துவிட்டனர் என்ற கூற்றையே நான் ஏற்கவில்லை. ஒன்பதாம் திருமுறையில் கருவூர்த்தேவர் பாடிய திருவிசைப்பாப் பதிகம், பாட்டுக்குப் பாட்டு 'தஞ்சை இராசராசேச்சரத்து இவர்க்கே' என்றே முடிகிறது. ஹுல்ஷ் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே திருமுறை ஏடுகளில் இருந்த பெயர் அது. பாடியவர்கள் அதை வரலாற்றுச் சான்றாகக் கருதவில்லை என்பது உண்மை. அது அவர்களுடைய நோக்கமும் அன்று. இறைவனின் பெயரோடு ஒட்டி மன்னனின் பெயரும் வாழ்ந்துவந்தது, அவ்வளவுதான். நம் சமய மரபு நினைவைக் காக்கும் வழி வேறு. அரசு ஆவணத்தின் அளவுகோலால் அதை அளந்து, எதுவும் இல்லை என்று எழுதிவிட்டதே காலனியக் கல்வி நம்மிடம் விட்டுச்சென்ற பெரிய சுமை என்பது என் கருத்து. 1817இல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மில் நம் வரலாற்றை இந்து, முஸ்லிம், பிரிட்டிஷ் என மூன்றாக வெட்டினார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத அவருடைய வெட்டில்தான் நம் பாடநூல்கள் நெடுங்காலம் நடந்தன.

அதற்காகக் கல்வெட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. திருவிசைப்பா சொல்லாத பலவற்றை அது சொல்கிறது: கோயில் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல்மகளிரின்) பெயர், ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் என எல்லாம் அங்கே இருக்கின்றன. எந்தப் பதிகமும் பாடாத மனிதர்கள் அவர்கள். சன்னிதியில் நிற்கும்போது அவர்களையும் நினைக்க முடிந்தால் அதுவும் வழிபாட்டின் பகுதியே என்று கருதுகிறேன்.

மைப்படி:

கருவூர்த்தேவர் பதிகத்தைக் குறித்துச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நடைமுறைச் செய்தி ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உதகமண்டலத்தில் இருந்த மத்தியக் கல்வெட்டு அலுவலகம் 1966இல் மைசூருக்கு மாறியது. அங்கிருந்த தமிழ் மைப்படிகளை, அதாவது கல்வெட்டின் மேல் தாளை வைத்து மையால் எடுத்த படிகளை, சென்னைக்கு மாற்றுமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது. நம் நகரத்திலேயே, 1909இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு, பெங்களூருவின் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்துவருகிறது. ரைஸ் பதிவு செய்த கற்களில் சில இன்று இடத்தில் இல்லை. அவற்றை அழித்தது எந்தக் கும்பெனியும் அன்று. சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுப்பிய நாம்தான்.

அல்சூர்வாசி:

இருவருக்கும் நன்றி. திருமுறை அன்பரிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தப் பதிகத்தை ஓதுவாரிடம் முறையாகக் கற்றுக்கொள்ள அல்சூர்ப் பகுதியில் வகுப்பு ஏதேனும் நடக்கிறதா? தமையனாரையும் அழைத்துவர எண்ணம்.