ஸ்ரீபெரும்புதூர் மக்களவை: பழைய முடிவுகளை இன்றையதோடு ஒப்பிடலாமா?

கேள்வி:
ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியின் 1984 முதல் 2024 வரையான முடிவுகளை ஒரே அட்டவணையில் போட்டு, கட்சிகளின் பலம் எப்படி மாறியிருக்குன்னு எழுதப் போறேன். வாக்கு சதவீதத்தை அப்படியே ஒப்பிடலாமா?

குன்றத்தூரான்:
கூடாது சார். 2009-ல் ஒரு கோடு போட்டுடுங்க. அதுக்கு முன்னால இது தனித் தொகுதி (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினது). 1984, 89, 91 மூணு தடவையும் காங்கிரஸின் மரகதம் சந்திரசேகர். (ராஜீவ் காந்தி 21.5.1991 அன்று கொல்லப்பட்டது அவருக்காகப் பிரசாரம் செய்ய வந்த இடத்தில்தான்.) 1999, 2004-ல் தி.மு.க.வின் அ.கிருஷ்ணசாமி. 2008 தொகுதி மறுசீரமைப்புல மக்களவைத் தொகுதி பொதுவாச்சு. உள்ளே இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி மட்டும் இன்னும் தனி. மத்த சட்டமன்றத் தொகுதிகளில் மதுரவாயல், அம்பத்தூர், பல்லாவரம் மூணும் அந்தச் சீரமைப்பில் பிறந்தவை. தாம்பரமும் ஆலந்தூரும் தென்சென்னையிலிருந்து வந்தவை. பெயர்தான் ராமானுஜர் ஊர். ஓட்டு பெரும்பாலும் சென்னைப் புறநகர்.

தாம்பரம் மேற்கு:
அந்தத் தென்சென்னையில் 1996 முதல் 2004 வரை நாலு தடவை ஜெயிச்சவர் தி.மு.க.வின் டி.ஆர்.பாலு. 2009-ல் அவர் இங்கே நின்னதை 'தொகுதி மாறினார்'னு எழுதுறாங்க. பாதி உண்மைதான், பழைய வாக்காளர்களில் ஒரு பகுதியும் கூடவே வந்தாச்சு. 2014-ல் அவர் தஞ்சாவூருக்குப் போய்த் தோத்தார், இங்கே அ.தி.மு.க.வின் கே.என்.ராமச்சந்திரன் ஜெயிச்சார். 2019, 2024 மறுபடி பாலு.

ஜெயிச்ச ஓட்டு வித்தியாசத்தை வெறும் எண்ணா எழுதாதீங்க. 2024-ல் வித்தியாசம் நாலே முக்கால் லட்சத்துக்கு மேல. ஆனா அ.தி.மு.க. தனியா, பா.ஜ.க. கூட்டணியில் த.மா.கா. தனியா நின்ன தேர்தல் அது. வாக்காளர்களும் சுமார் 23.8 லட்சம், தமிழ்நாட்டிலேயே அதிகம். செல்லுபடியான ஓட்டில் எத்தனை சதவீதம்னு போட்டாதான் அர்த்தம்.

படிவம்20:
2009-க்குப் பிறகு எழுதுறதுக்கு படிவம் 20-ஐ (தேர்தல் ஆணையத்தின் இறுதி முடிவுத் தாள்) எடுங்க. வாக்குச்சாவடி வாரியா இருக்கும். ரெண்டு இடத்தில் கணக்கு இடிக்கும்.

ஒண்ணு, ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கூட்டினாலும் மொத்தம் வராது, தபால் ஓட்டு தனி வரியில இருக்கும். ரெண்டாவது, சாவடி எண்ணை நம்பி 2019-ஐ 2024-ஓட இணைக்காதீங்க. அப்போ 1,500 வாக்காளரைத் தாண்டினா சாவடியைப் பிரிச்சாங்க, பிரிச்சதுக்கப்புறம் வரிசை எண்ணெல்லாம் நகர்ந்துடும். பள்ளிப் பெயர், தெருப் பெயரை வெச்சுப் பொருத்துங்க. அம்பத்தூர், தாம்பரம் மாதிரி புதுசு புதுசா அடுக்குமாடி முளைக்கிற இடத்தில் இது ரொம்பவே படுத்தும்.

வாக்குப்பதிவு 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்குன்னு 'நகரத்துக்காரன் சோம்பேறி'ன்னு எழுதிடாதீங்க. வாடகை வீட்டுக்காரர் பக்கத்து ஏரியாவுக்கு மாறியும் முகவரி மாத்துற படிவம் 8 கொடுக்கலைன்னா வாக்காளர் பட்டியலின் பழைய பாகத்திலேயே பேர் கிடக்கும். அவர் ஓட்டுப் போட வராத வரைக்கும் அந்தச் சாவடியின் சதவீதம் இறங்கித்தான் தெரியும்.