3 வோல்ட் பெருக்கிக்கு எந்த பயாஸ் முறை சரி?

வணக்கம். இரண்டு பேட்டரி செல்களில் ஓயாமல் இயங்கவேண்டிய மைக்ரோஃபோன் பெருக்கி ஒன்றை பிசி547 டிரான்சிஸ்டரில் (அதன் மூன்று கால்கள்: கலெக்டர், பேஸ், எமிட்டர்) வடிவமைக்கிறேன். கலெக்டர் மின்னோட்டம் 0.1 மில்லி ஆம்பியர். கலெக்டரில் 15 கிலோ ஓம் மின்தடை, எமிட்டரில் 2.2 கிலோ ஓம், அதற்கு இணையாக 22 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி. கணக்குப்படி பெருக்கம் 55-ஐத் தாண்டுகிறது; எனக்கு அது தாராளம்.

தலைவலி பயாஸில்தான், அதாவது டிரான்சிஸ்டரை இயங்குநிலையில் வைக்க பேஸுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தில். பேஸுக்கு இரு மின்தடைகளால் பிரித்துக் கொடுக்கும் 0.82 வோல்ட், பேட்டரி 2 வோல்ட்டுக்கு இறங்கும்போது 0.55 ஆகிவிடும். அப்போது டிரான்சிஸ்டர் ஏறக்குறைய உறங்கிவிடும்.

கலெக்டரிலிருந்தே பேஸுக்கு மின்தடை இட்டால் இது பெருமளவு சரியாகும். ஆனால் உள்ளீட்டு மின்மறுப்பு (மைக்ரோஃபோன் சிக்னலுக்கு உள்ளீடு காட்டும் எதிர்ப்பு) குறைந்துவிடுமே! அந்த மின்தடையை இரண்டாகப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு மின்தேக்கியைத் தரையில் இணைக்கலாமா? செய்து பார்த்தவர்கள் மதிப்புகளுடன் சொல்லுங்கள். மின்னோட்டத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள், அது மட்டும் முடியாது.