எங்கள் வீட்டில் ஹை வோல்டேஜ், எதிர்வீட்டில் லோ வோல்டேஜ்

எல்.இ.டி. வராத காலம். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சைக்காக விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலிருந்த 60 வாட் குண்டு பல்பு திடீரென்று வெள்ளை வெளேரென்று எரிந்தது. கண் கூசி நோட்டைப் பார்க்க முடியவில்லை. "மெயினை ஆஃப் பண்ணுடா" என்று அப்பா கத்துவதற்குள் டப்! அதே நேரம் எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "அயர்ன் பாக்ஸ் சூடே ஏற மாட்டேங்குது, உங்க வீட்லயும் லோ வோல்டேஜா?" என்று கேட்டார்.

லைன்மேன் வந்து கம்பத்தில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி, அறுந்திருப்பதாகச் சொன்னார். அது எப்படி ஒரு வீட்டில் கூட்டியும் இன்னொரு வீட்டில் குறைத்தும் கொடுக்கும்? வயரிங் வேலை பார்க்கும் மாமாவிடம் கேட்டேன். அவர் பலகையில் 40 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் சீரியஸில், அதாவது ஒன்றின் வழியாகவே மற்றதற்குக் கரண்ட் போகும்படி, மாட்டி, "எது பிரகாசமா எரியும்?" என்றார். நூறுதான் என்றேன். ஸ்விட்சைப் போட்டால் 40 நன்றாக எரிகிறது. 100-இன் இழை மட்டும் சிவப்பாகத் தெரிகிறது.

பல்பில் அச்சடித்திருக்கும் வாட், 230 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் மட்டுமே செல்லும். 40 வாட் இழைக்குச் சுமார் 1,320 ஓம் தடை, 100 வாட்டுக்கு 529 தான். சீரியஸில் இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட் என்பதால், தடை அதிகமுள்ள பல்பு வோல்டேஜில் பெரும் பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது.

அன்று காலை நடந்ததும் இதுவேதான். கம்பத்தில் கரண்ட் கொண்டுவரும் மூன்று கம்பிகளில் (ஃபேஸ்) எங்களுக்கு ஒன்று, எதிர்வீட்டுக்கு வேறொன்று. நியூட்ரல் போனதும் இரண்டு வீடும் அந்த இரண்டு ஃபேஸுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டுக்கு நடுவே சீரியஸில் மாட்டிக்கொண்டன. எங்கள் பல்பு 882 ஓம். 750 வாட் அயர்ன் பாக்ஸ் 70 ஓம். கணக்குக்கு இந்த இரண்டை மட்டும் வைத்தால், எங்கள் பக்கம் 370 வோல்ட், அக்காவுக்கு மிஞ்சியது 30. பாவம், அவர் பையன் அன்று கசங்கிய சட்டையோடுதான் பள்ளிக்கூடம் வந்தான்.

பதில்

அந்த 882 ஓமை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். புது மல்டிமீட்டரில் 60 வாட் பல்பை வைத்துப் பார்த்தால் 65 ஓம் காட்டியது. மீட்டர் கோளாறு என்று கடைக்கே எடுத்துப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "எரியுற பல்பை அளந்தீங்களா, அணைஞ்சதை அளந்தீங்களா?" என்றார். டங்ஸ்டன் இழை சூடேறினால்தான் அந்த அளவு தடை வரும். ஸ்விட்ச் போட்ட நொடியில் 3.5 ஆம்பியர் பாய்ந்து, இழை சூடேறியதும் 0.26-க்கு இறங்கிவிடும். குண்டு பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃபியூஸ் போனதற்கு இதுதான் காரணம்.

பதில்

எனக்குப் பாடம் சொன்னது டிராக்டர். ஹெட்லைட் ஒயர் அறுந்துபோனதால், வீட்டில் காலிங் பெல்லுக்கு வாங்கி மிச்சமிருந்த மெல்லிய ஒயரை இழுத்துவிட்டேன். வீட்டு பல்பும் 60 வாட், இதுவும் 60 வாட், என்ன ஆகிவிடப் போகிறது என்ற நினைப்பு. பேட்டரி 12 வோல்ட் என்பதை யோசிக்கவில்லை. வோல்ட் குறைந்தால் அதே வாட்டுக்கு அதிக கரண்ட் ஓட வேண்டும். ஒரு விளக்குக்கு 5 ஆம்பியர், இரண்டுக்கும் 10. வெளிச்சம் அகல்விளக்கு மாதிரி மஞ்சளாக விழுந்தது. வயலிலிருந்து வீடு வருவதற்குள் ஒயரின் பிளாஸ்டிக் இளகிக் கையில் ஒட்டியது.