கூம்புகளைச் சுற்றிவிடும் மகள் ஐஸ் ஹொக்கி ஆட்டத்தில் பக்கைப் பறிகொடுப்பது ஏன்?

மருதடி எழுதியது:

என் மகளுக்கு 12 வயது. கனடாவின் ஸ்காபரோவில் நான்கு பருவங்களாக ஹவுஸ் லீக் (உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கு லீக்) ஐஸ் ஹொக்கி ஆடி வருகிறாள். வாகனக் கொட்டகையில் வழுக்கும் பிளாஸ்டிக் ஓடுகளைப் பரப்பி, ஆறு கூம்புகளை வரிசையாக வைத்து, பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரமாவது மட்டையால் பந்தை உருட்டிப் பழகாமல் அவள் உணவுக்கு உட்காருவதில்லை. கூம்புகளுக்கு இடையில் அவள் கை ஓடும் வேகத்தைப் பார்ப்பவர்கள், இந்தப் பிள்ளை எதிரணியைத் திணறடிக்கும் என்றே நினைப்பார்கள்.

ஆனால் பனித்தளத்தில் நடப்பது வேறு. தடுப்பாட்டக்காரி ஒருத்தி எதிரே வந்துவிட்டால், மகள் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் தட்டையான ரப்பர் வட்டை) இடமும் வலமுமாக நான்கைந்து முறை தட்டிப் போக்குக் காட்டுகிறாள். எதிரே நிற்பவளோ அதில் எதையும் பொருட்படுத்தாமல், மட்டையை ஒருமுறை நீட்டிக் குத்திப் பக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். சென்ற ஞாயிறு ஒரே ஆட்டத்தில் இது ஐந்து தடவை நடந்தது. வித்தை காட்டாமல் பக்கைத் தளத்தைச் சுற்றியுள்ள பலகையோரமாக முன்னே தள்ளிவிட்டுத் துரத்தும்படி பயிற்றுநர் சொல்கிறார். அது அவளுக்குப் பெரிய மனத்தாங்கல். நான் ஊரில் கால்பந்து ஆடி வளர்ந்தவன், ஸ்கேட் கட்டி நின்றவனல்லன். கை இவ்வளவு பழகியும் எதிராளி ஏமாறாததற்குக் காரணம் என்ன, எதைப் பழக வேண்டும் என்பதை ஆடி அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நீலக்கோடு எழுதியது:

ஐயா, நான் பதினைந்து ஆண்டுகள் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன். இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆகவே ஏமாற வேண்டியவனின் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

தடுப்பாட்டத்துக்கு வரும் பிள்ளைக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது, பக்கைப் பார்க்காதே, வருபவரின் மார்பைப் பார் என்பதுதான். பக் எந்தப் பக்கமும் போகலாம், ஆனால் உடம்பு போகாத பக்கத்துக்கு ஆள் போக முடியாது. உங்கள் மகள் கையை மட்டும் ஆட்டும்போது அவளுடைய தோளும் இடுப்பும் நேராகவே வந்துகொண்டிருக்கும். எதிரே நிற்பவள் பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் தோளையும் இடுப்பையும்தான். பக்கில் கண் வைக்காதவளிடம் பக்கைக் கொண்டு போக்குக் காட்டி என்ன பயன்?

அடுத்தது தொலைவு. என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்) விதிப்படி மட்டை 63 அங்குலம், அதாவது 160 செ.மீ. வரை நீளமாக இருக்கலாம். சிறுவர் மட்டை அதைவிடக் குட்டையானது என்றாலும், நீட்டிய கையையும் முன்சாய்ந்த உடலையும் சேர்த்துப் பார்த்தால் 12 வயதுப் பிள்ளைகூட ஏறத்தாழ இரண்டு மீட்டர் எட்டிக் குத்திவிடும். அந்த எல்லைக்குள் வந்த பிறகு தொடங்கும் எந்தப் போக்கும் காலம் கடந்ததே. கூம்பை அதன் அருகில் போய்ச் சுற்றிப் பழகிய பிள்ளைகள் ஆளையும் அருகில் போய்ச் சுற்றலாம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கூம்புக்கு மட்டை கிடையாது என்பது அவர்களுக்கு ஞாபகத்துக்கு வருவதில்லை.

மூன்றாவதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அவளுடைய ஆட்டத்தைக் கைபேசியில் பதிவு செய்து, கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் கவனியுங்கள். கை வேலை செய்யத் தொடங்கியதும் கால் நின்றுபோய், அவள் நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு வருகிறாள் என்றால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டு தடுப்பவருக்கு மிகவும் வசதியானது அப்படி வரும் ஆள்தான், ஏனெனில் அவள் எங்கே இருப்பாள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மாறாக, வருபவர் காலுக்கு மேல் கால் மாற்றிக் கிராஸ்ஓவர் போட்டபடி பக்கவாட்டில் சாய்ந்து வந்தால், தடுப்பவரும் அந்தப் பக்கம் நகரத் தம் கால்களைக் குறுக்கே வைத்தாக வேண்டும். கால் குறுக்கே கிடக்கும் அந்த அரை நொடியில் அவரால் மறுபக்கம் திரும்ப முடியாது. திறமையான ஆட்டக்காரர்கள் வெட்டித் திரும்புவது அந்தத் தருணத்தில்தான். என்.எச்.எல். நட்சத்திரம் கானர் மெக்டேவிட் தளத்தின் நடுப்பகுதியில் பக்கோடு வரும்போது நேரே தள்ளிச் சறுக்குவதைவிடக் கிராஸ்ஓவர் போடுவதே மிகுதி. வேகம் கூடுவதோடு, எந்தப் பக்கம் போவார் என்ற தீர்மானத்தையும் எதிராளியால் எடுக்க முடியாமல் போகிறது. 2022 ஜனவரியில் சிகாகோவுக்கு எதிரான கூடுதல் நேரத்தில் கொலராடோ அணியின் கேல் மகார் அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். எதிரே நின்றவரை நிலைகுலையச் செய்தது மட்டையின் வித்தையைவிட, ஸ்கேட்டின் விளிம்புகளை மாற்றி மாற்றி அழுத்தித் திசை மாறிய கால்களே.

வேகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் எப்போதும் முழு வேகத்தில் வருகிறார்கள், அதனால் கூட்டுவதற்கு வேகம் மிச்சமிருப்பதில்லை. நான் ஆடிய காலத்தில் என்னை அதிகம் ஏமாற்றியவர்கள், என் எதிரில் வந்ததும் இரண்டு அடிக்குக் காலைத் தள்ளாமல் வழுக்கிவிட்டு, நானும் சற்றுத் தளர்ந்ததும் பாய்ந்து போனவர்கள்.

வலைகாப்பான் எழுதியது:

நீலக்கோடு சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் கையை அவர் கொஞ்சம் மட்டமாக எடைபோட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. தடுப்பாட்டக்காரர் மார்பைப் பார்க்கிறார். கோல்காப்பாளனாகிய நான் பார்ப்பது பக்கையும் மட்டையின் பிளேடையும்தான். எனவே வலைக்கு அருகில் ஏமாற்றும் வேலை மறுபடியும் கைக்கே வந்துவிடுகிறது.

எங்கள் ஊர் டொரொன்டோ அணியின் ஆஸ்டன் மேத்யூஸ் 2023-24 பருவத்தில் 69 கோல்கள் அடித்தார். அடிப்பதற்குச் சற்று முன்பு அவர் பக்கை மட்டையின் நுனியால் தம் காலருகே இழுத்துக்கொள்கிறார். அதனால் அடி புறப்படும் கோணம் மாறிவிடுகிறது. நான் முந்தைய கோணத்துக்கு ஏற்றபடி நின்றுகொண்டிருப்பேன், பக்கோ எனக்குப் புதிதான ஓர் இடத்திலிருந்து வரும். அதிலுள்ள ஏமாற்று, இழுப்பும் அடியும் ஒரே அசைவாக இருப்பதுதான். இழுத்துவிட்டு ஒரு கணம் நிறுத்தி அடிப்பவரிடம் நான் ஏமாறியதே இல்லை.

1994ஆம் ஆண்டு லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடாவுக்கு எதிராகச் சுவீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பர்க் அடித்த கோல் இன்னும் நல்ல உதாரணம். அவர் ஒரு பக்கமாக முழு உடலோடும் போனதால் கனடாவின் கோல்காப்பாளர் கோரி ஹர்ஷும் முழு உடலோடு அந்தப் பக்கம் போக வேண்டியதாயிற்று. கடைசி நொடியில் ஃபோர்ஸ்பர்க் ஒரு கையை விட்டுவிட்டு, மறு கையால் மட்டையை நீட்டிப் பக்கை எதிர்ப்பக்கத்தில் தள்ளினார். சுவீடன் அதை அஞ்சல் தலையாகவே வெளியிட்டது. (கனடாவில் இருந்துகொண்டு இதை உதாரணம் காட்டுவதற்கு என்னை மன்னிக்கவும்.) ஆனால் கவனியுங்கள், அங்கேயும் நீண்ட தூரம் உண்மைபோல் போனது உடம்பு, கை செய்தது ஒரே ஓர் அசைவு. நான்கைந்து தட்டுகளில் யாரும் ஏமாறுவதில்லை; அவை வெறும் சத்தம்.

பக்கை உடலுக்கு நேர் முன்னால் வைத்துக்கொண்டு வரும் பிள்ளை, அங்கிருந்து நல்ல அடி அடிக்க முடியாது என்பதை எதிராளிக்குத் தானே அறிவித்துவிடுகிறது. இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து வந்தால் அடிக்கலாம், கொடுக்கலாம், கொண்டும் போகலாம். மூன்றும் கடைசிவரை ஒரே தோற்றத்தில் இருக்கும்.

மூன்றாம்வரிசை எழுதியது:

34 வயதில் முதன்முறையாக ஸ்கேட் கட்டிய கோயம்புத்தூர்க்காரன் நான். ஆகவே மேலே எழுதிய இருவரின் தகுதி எனக்கில்லை. ஆனால் மட்டையின் நீளத்தைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். ஸ்கேட்டோடு நிற்கும்போது மட்டை தாடை அளவில் இருந்தால் போதுமானது. பிள்ளை வளரும் என்று நீளமாக வாங்கிவிட்டால், மேல் கை வயிற்றில் இடித்துக்கொண்டு நின்றுவிடும். அந்தக் கை உடலின் குறுக்கே தாராளமாகப் போய் வராமல் பக்கை அகலமாக இழுக்க முடியாது. என் மட்டையை ஐந்து செ.மீ. அறுத்த பிறகுதான் எனக்கு டோ டிராக் (மட்டை நுனியால் பக்கை இழுக்கும் வித்தை) பிடிபட்டது.

பயிற்றுநர் சொல்வதையும் முழுவதாகத் தள்ளிவிட வேண்டாம். கடைசி ஆளாகப் பக்கோடு நிற்கும்போது, அல்லது சக வீராங்கனைகள் ஆள் மாற்றத்துக்காக வெளியேறும்போது, போக்குக் காட்டிப் பறிகொடுத்தால் அது கோலில் முடியும். ஆனால் எதிரணிப் பகுதியின் மூலையில் முயன்று தோற்றால் என்ன நட்டம்? எங்கே முயலலாம் என்று அவரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மருதடி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து தடவையும் கால் நின்றுதான் இருக்கிறது. மட்டையோ மூக்குக்கு மேலே நிற்கிறது, அது என் சிக்கனத்தால் வந்த வினை. நீலக்கோடு எழுதியதைப் படித்தபோது ஊரில் கிளித்தட்டு மறித்தது நினைவுக்கு வந்தது. கோட்டில் நின்று மறிக்கும்போது நாங்கள் ஓடி வருபவனின் கையையா பார்த்தோம்? மகளுக்கு அதைச் சொல்லி முற்றத்தில் ஓடிக் காட்டினேன், நன்றாகச் சிரித்தாள். கூம்புகளுக்குப் பதிலாக இனி என்ன வைப்பது?

நீலக்கோடு எழுதியது:

அவளுடைய தம்பியையோ தோழியையோ கையில் மட்டையோடு நிறுத்துங்கள். கொட்டகையின் அகலம் போதும். குறுகிய இடத்தில் ஒருவரை ஒருவர் கடப்பதுதான் பயிற்சி. ஒரு முறை கடந்தால் அடுத்த முறை அவள் தடுக்க நிற்க வேண்டும். அந்தப் பாதியைத் தவிர்க்க விடாதீர்கள். முன்னாள் என்.எச்.எல். வீரர் பாவெல் டட்சுக்கை எல்லோரும் போக்குக் காட்டுவதில் மன்னன் என்பார்கள், ஆனால் தடுப்பாட்டத்தில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கே விருதை 2008 முதல் 2010 வரை மூன்று முறை தொடர்ந்து பெற்றவரும் அவரே. பிறரிடமிருந்து பக்கைப் பறிக்கத் தெரிந்தவருக்கு, பறிக்க வருபவர் எதைப் பார்த்து ஏமாறுவார் என்பதும் தெரிந்திருந்தது. பனித்தளத்தில் நேரம் கிடைக்கும்போது முதல் பத்து நிமிடங்களுக்குப் பக்கே வேண்டாம். உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் மாறி மாறி எட்டு வடிவில் சறுக்கட்டும், தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கக் கால் மறுபக்கம் வெட்டித் திரும்பட்டும். மட்டையை அறுக்கும்போது ஒரேயடியாக அறுத்துவிடாமல் இரண்டு செ.மீ. வீதம் குறைத்துப் பாருங்கள்.