வாழ்த்துமடலுக்கு ஒரு சொல் வேண்டும்: ‘மெச்சத்தக்க’ பொருந்துமா?

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிளை நூலகர் இம்மாதம் ஓய்வு பெறுகிறார். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக நூல்களைக் கேட்டுக் கேட்டு வரவழைத்துத் தந்த அம்மையார். வாசகர் வட்டம் சார்பில் வாழ்த்துமடல் தருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘... பணியாற்றிய’ என்பதற்கு முன்னால் வரும் சொல்லில்தான் சிக்கி நிற்கிறோம்.

முதலில் ‘மெச்சத்தக்க வகையில்’ என்று எழுதினோம். மெச்சுவது மூத்தவர் இளையவரைச் செய்வது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்தார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ‘பாராட்டத்தக்க’ அலுவலக அறிக்கைபோல் ஒலிக்கிறது. ‘போற்றுதலுக்குரிய’ பெருந்தலைவர்களுக்கான சொல்லாகத் தோன்றுகிறது.

இலக்கணத்தில் குழப்பமில்லை: ‘பாராட்ட’ என்பதோடு ‘தக்க’ சேரும்போது வல்லினம் மிகும்; ‘உரிய’ வந்தால் ‘பாராட்டுக்குரிய’. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, க்ரியா அகராதி இரண்டையும் பார்த்துவிட்டோம். பொருள் தெளிவாகிவிட்டது; மரியாதையின் அளவுதான் பிடிபடவில்லை.

வயதில் மூத்த ஒருவரின் பணியை இளையவர்கள் எழுத்தில் வாழ்த்தும்போது, மிகையாகாமல் பொருந்தும் சொல் எது?